இழுத்தால் அகலும் துளைத்தகடுகள்

ஒரு திசையில் இழுக்கும்போது குறுக்குவாட்டிலும் விரிந்துகொடுக்குமாறு கீறலோ துளையோ இட்ட தகடு, இழுத்தால் அகலும் துளைத்தகடு எனப்படும். ரப்பர் பட்டை இழுத்தால் இளைக்கும்; பரோட்டா மாவும் அப்படித்தான். இந்தத் தகடு அதற்கு நேர்மாறு. இக்குணம் உள்ள பொருள்கள் அனைத்துக்கும் பொதுப்பெயர் 'ஆக்செட்டிக்'. வளர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த இப்பெயரை 1991இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் கென் எவான்ஸ்.

இக்குணத்தை அளக்க உதவுவது பாய்சான் விகிதம். பொருள் நீளும் வீதத்தோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு வீதம் இளைக்கிறது என்பதே அந்த எண். பிரெஞ்சுக் கணித அறிஞர் சிமியோன் பாய்சானின் (1781–1840) பெயரால் வழங்குவது. எஃகுக்குச் சுமார் 0.3, ரப்பருக்கு 0.5க்குப் பக்கத்தில், தக்கைக்கு ஏறக்குறையச் சுழி. புட்டியின் வாயில் தக்கை வழுவழுவென்று இறங்குவதும், ரப்பர் மூடி பக்கவாட்டில் உப்பிக்கொண்டு அடம்பிடிப்பதும் இதனால்தான். எல்லாத் திசையிலும் ஒரே குணமுள்ள பொருளுக்கு −1 முதல் 0.5 வரை எந்த மதிப்பும் இருக்கலாம் என்பது மீட்சியியலில் பழைய செய்தி. ஆனாலும் எதிர்க்குறி கொண்ட பொருளைக் கையால் செய்துகாட்ட 1987 வரை ஆயிற்று. ரோடெரிக் லேக்ஸ் சாதாரண நுரைப்பஞ்சை மூன்று திசையிலும் நெருக்கி, சூடாக்கி, ஆறவிட்டார். உள்ளறைச் சுவர்கள் உட்பக்கம் மடங்கிக்கொண்டதால் அந்தப் பஞ்சு இழுத்தபோது பருத்தது. இயற்கையிலும் இது இல்லாமல் இல்லை. பசுவின் காம்புத் தோல் இப்படி நடப்பதை 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

பஞ்சில் மறைவாக நடப்பது துளைத்தகட்டில் கண்ணெதிரே நடக்கும். செருப்பு தைப்பவர் வைத்திருக்கும் 3 மி.மீ. ரப்பர் ஷீட் போதும். அதில் 2 செ.மீ. கட்டங்கள் வரைந்துகொள்ள வேண்டும். கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியையும் நடுவாக வைத்து, ஒன்றில் கிடையாக, அடுத்ததில் நெடுக்காக, மறுபடி கிடையாக என்று மாற்றி மாற்றிக் கீற வேண்டும். ஒரு கீறலின் நுனி அடுத்த கீறலின் நடுவை நோக்கி வரும். தொடுவதற்கு 3 மி.மீ. முன்பே பிளேடை நிறுத்திவிட வேண்டும். விட்டுவைத்த அந்தச் சின்னத் துண்டுதான் கீல். இப்போது இரு முனையையும் பிடித்து இழுத்தால் கீறல்கள் சாய்சதுரமாக வாய் திறக்கும். அடுத்தடுத்த பல்சக்கரங்கள் எதிரெதிராகச் சுற்றுவதுபோல, ஒரு சதுரம் வலப்பக்கம் திரும்பினால் பக்கத்துச் சதுரம் இடப்பக்கம் திரும்பும். ஷீட் நீளவும் செய்யும், அகலவும் செய்யும். ரப்பர் என்னவோ அதே ரப்பர்தான்.

கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் இருந்தால் இது நடக்காது. திருவிழாக் காகிதத் தோரணத்தை இழுத்தால் நீளம் கூடி அகலம் சுருங்குவது அதனால்தான்.

சுழலும் சதுரங்களின் கணக்கை ஜோசப் கிரிமாவும் எவான்ஸும் 2000இல் வெளியிட்டனர். கீல்கள் இழுபடாமல் வளைய மட்டும் செய்தால் விகிதம் சரியாக −1. வெறும் துளையிட்ட தகடே இப்படி நடக்கும் என்பதை 2010இல் மால்டா பல்கலைக்கழகத்தில் கிரிமாவும் ரூபன் காட்டும் எழுதினர். சதுர அமைப்பு நீளத்தில் 1.41 மடங்கு வரை விரியும். முக்கோணங்களாகக் கீறினால் 2 மடங்கு. பரப்பில் பார்த்தால் 4 மடங்கு.

வடிவமைப்பில் தலைவலி தருவது கீல்தான். அகலமாக விட்டால் சதுரம் திரும்பாது, தகடே வளைந்து புடைத்துவிடும். மெலிதாக்கினால் நாலு முறை இழுத்ததும் கிழியும். கீறல் நுனியில் சிறு வட்டத்துளை போடுவது கிழிசலைத் தள்ளிப்போடும், ஏனென்றால் கூரான முனையில்தான் தகைவு குவிகிறது. காலணி அடிப்பாகம் போன்ற மென்மையான பொருளில் இத்தொல்லை குறைவு. 2016இல் நைக்கி நிறுவனம் தன் ஓட்டக் காலணிகளில் இந்த அமைப்பைக் கொண்டுவந்தது.

கட்டடக்கலைக்கு இதில் என்ன வேலை என்பதற்கு தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் ஓர் உதாரணம் உண்டு. அங்கே காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் குவிமாடம் நிற்கிறது. அப்படிப்பட்ட அரைக்கோளத்தைத் தட்டைத் தகட்டால் சுருக்கமில்லாமல் போர்த்த முடியாது. பலாப்பழத்தைச் செய்தித்தாளில் சுற்றிப் பார்த்தவருக்கு இது தெரியும். தகட்டைத் துண்டு துண்டாக நறுக்கி இணைக்க வேண்டும். சாதாரணப் பலகையை வளைத்தாலும் குதிரைச் சேணம்போல் குறுக்கே எதிர்ப்பக்கம் வளையும் (ரப்பர் அழிப்பானை வளைத்தால் லேசாகத் தெரியும்). ஆக்செட்டிக் பலகையோ இரு பக்கமும் ஒரே திசையில் கவிந்து குவிமாடமாகும்.

லோசான் நகரின் இ.பி.எஃப்.எல். நிறுவனத்தில் மினா கொனகோவிச்சும் மார்க் பாலியும் உடனாய்வாளர்களும் 2016இல் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டனர். கடைசியில் வேண்டிய உருவத்தை முதலில் கணினியில் வரைந்து, அதைக் கோணம் மாறாமல் தட்டையாக்கி, எந்த இடம் எவ்வளவு விரிய வேண்டும் என்று பார்த்தார்கள். அது 1க்கும் 2க்கும் இடையே இருக்கும்வரை முக்கோணத் தகடு அந்த உருவத்தை ஏற்கும். மீறும் இடத்தில் கூடுதலாக ஒரு வெட்டு வேண்டும். 2018இல் இன்னும் ஒரு படி போனார்கள். முக்கோணங்களின் அளவை இடத்துக்கு இடம் மாற்றி, ஒவ்வொரு பகுதியும் தனக்கு விதித்த அளவோடு நின்றுவிடும்படி செய்தார்கள். தட்டையாகக் கொண்டுபோய், கீழே ஒரு பலூனை வைத்து ஊதினால் தகடு எழும்பும், எல்லாத் துளையும் முழுக்கத் திறந்ததும் உருவம் கட்டிக்கொள்ளும். அதற்குமேல் ஊதினால் கீல்கள்தான் கிழியும்.