டென்ஷோ: இறுக்கத்துக்கு நடுவே பிறந்த தளர்வு

கராத்தே பிறந்த கதை என்றாலே ஒன்று முந்திக்கொண்டு வரும். 1609இல் ஜப்பானின் சட்சுமா படை ஒகினாவாவின் ரியூக்கியூ அரசைப் பணியவைத்தது, ஆயுதம் பறிபோனது, வெறுங்கையோடு நின்ற விவசாயிகள் இரவில் ஒளிந்து சண்டை பழகினார்கள் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கலையைக் காத்தவர்களில் பெரும்பாலோர் ஷூரி, நாஹா நகரங்களில் இருந்த அரசு அலுவல் குடும்பத்தினர். ஒடுக்குமுறைக்கும் கராத்தேக்கும் உள்ள உறவை, டென்ஷோ என்ற பயிற்சி பிறந்த காலத்தில்தான் நான் தெளிவாகப் பார்க்கிறேன்.

1879இல் ஜப்பான் அந்த அரசையே கலைத்துவிட்டது. கடைசி மன்னர் ஷோ தாய் டோக்கியோவுக்குக் கொண்டுபோகப்பட்டார். 1898இல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. பள்ளியில் தாய்மொழி பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரப்பலகையைத் தொங்கவிட்டார்கள். இன்னொரு பிள்ளை வாய்தவறி ஒகினாவா மொழியில் பேசினால்தான் அது கைமாறும். ஆகவே பலகை சுமந்த பிள்ளை, தோழன் எப்போது தடுமாறுவான் என்று காத்திருந்தது. குழந்தையைக் குழந்தைக்கே காவல் வைத்த கொடுமை அது.

அதே காலத்தில்தான் கராத்தேயும் பள்ளிக்குள் நுழைந்தது. ராணுவத்துக்கு உதவும் உடல்களை இது உருவாக்கும் என்று 1908இல் ஆசான் இதோசு அன்கோ ஒரு கடிதத்தில் எடுத்துச் சொன்னார். மறைவில் பழகிய கலை, கட்டளைக்கு வரிசையாக அசையும் உடற்பயிற்சியாக மாறத் தொடங்கிய நேரம் அது.

டென்ஷோவை உருவாக்கிய மியாகி சோஜுன் 1888இல் நாஹாவில் பிறந்தவர். அவருடைய ஆசான் ஹிகாஒன்னா கான்ரியோ, சீனாவின் ஃபுஜோ நகரில் கற்று வந்தவர். அந்த ஆசான் சொல்லிக்கொடுத்ததில் அடிப்படை, சான்சின் என்ற பயிற்சி. மேலாடை இல்லாமல் நின்று, பாதங்களைச் சற்று உள்நோக்கித் திருப்பி, பிறைபோல வளைத்து அடி வைக்கவேண்டும். மூச்சு மூக்கு வழியே இறங்கி அடிவயிற்றில் தங்கி, வாய் வழியே மெல்ல வெளியேறும். உடம்பு முழுக்க இறுகியிருக்கும். ஆசான் பின்னால் வந்து தோளிலும் தொடையிலும் தட்டிப் பார்ப்பார். மூச்சு சிதறினால் அங்கேயே தெரிந்துவிடும்.

1915இல் ஹிகாஒன்னா மறைந்தார். மியாகி ஃபுஜோவுக்குப் போய் ஆசானின் வேர்களைத் தேடினார். நாஹாவிலேயே கோ கென்கி என்ற சீனத் தேயிலை வணிகர் இருந்தார். வெண்கொக்கு என்ற சண்டைப் பாணியில் தேர்ந்தவர், மியாகியின் நண்பர். ஒகினாவா ஆசான்கள் கையால் படியெடுத்துக் காத்துவந்த ‘புபிஷி’ என்ற சீன நூலில் ஆறு கை அசைவுகள் இருந்தன. இவற்றிலிருந்தெல்லாம் 1921 வாக்கில் மியாகி உருவாக்கியதுதான் டென்ஷோ.

கால்கள் சான்சினில் போலவே வேரூன்றி நிற்கும். கைகள்தான் வேறு: முஷ்டி விரிந்துவிடும். மணிக்கட்டு மேலெழும்பும், உள்ளங்கையின் அடிப்பகுதி இறங்கும், பக்கவாட்டில் வழுக்கிப்போகும். கை உள்ளே வரும்போது மூச்சு உள்ளே, தள்ளும்போது வெளியே. முதலில் ஒரு கை, பிறகு மற்றது, அப்புறம் இரண்டும். அடிவயிறு உறுதியாக இருக்க, தோளும் முழங்கையும் இளகியிருக்கவேண்டும். எதிரியின் தாக்குதலை முட்டி நிறுத்தாமல், தொட்டுத் திசைமாற்றும் பழக்கம் இப்படித்தான் கைக்கு வருகிறது.

மியாகி இதை ஓர் எதிர்ப்புக் குரலாகச் செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நாடே விறைத்து நிற்கக் கற்றுக்கொண்டிருந்த நாளில், தளர்வையும் ஒரு வலிமையாக அவர் மாணவர்களின் உடம்பில் பதித்தார். அது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. 1930இல் அவருடைய மாணவர் ஷின்சாதோ ஜின்ஆன் டோக்கியோவில் வித்தை காட்டியபோது, இது எந்தப் பள்ளி என்று கேட்டார்கள். அப்போது பெயரே கிடையாது. பிறகு மியாகி, உள்மூச்சையும் வெளிமூச்சையும் வன்மை மென்மையோடு இணைத்துப் பேசும் புபிஷி வரியிலிருந்து ‘கோஜு’ என்ற பெயரை எடுத்துக்கொண்டார்.

1945 போரில் ஒகினாவா மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். ஷின்சாதோவும் மாண்டார், மியாகி தம் பிள்ளைகளையும் இழந்தார். அதன் பிறகும் நாஹாவில் தம் வீட்டு முற்றத்தில் பயிற்சியைத் திரும்பத் தொடங்கி, 1953இல் இறக்கும்வரை நடத்தினார். இன்று அவருடைய கோஜு-ரியு பள்ளியின் பல கூடங்களில் டென்ஷோ, சான்சினுக்கு வெகு பின்னால்தான் வரும். வருடக்கணக்கில் இறுகப் பழகிய தோளை இறக்கச் சொன்னால், அனுபவமுள்ள மாணவருக்கும் அது உடனே இறங்குவதில்லை.