ஆல்டாவின் பொடிப்பனி: வெள்ளிச் சுரங்கம் சறுக்குமலையான கதை

ஆல்டா, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வாசாட்ச் மலைத்தொடரில் உள்ள ஒரு சிற்றூர். லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கின் மேல்கோடியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. சால்ட் லேக் சிட்டி நகரிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சென்றுவிடலாம். இங்குள்ள பனிச்சறுக்கு மையம் 1939 முதல் இயங்கி வருகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 12 மீட்டருக்கு மேல் பனி பொழியும் இம்மலை, பொடிப்பனிக்காகவே உலகெங்கும் அறியப்பட்டது.

பொடிப்பனி என்பது புதிதாக விழுந்து, காற்றாலோ இயந்திரத்தாலோ இன்னும் அழுத்தப்படாத பனி. விபூதியைப் போல் உதிரும். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டை சேராது. ஆல்டாவில் விழும் 100 சென்டிமீட்டர் பனியை உருக்கினால் சராசரியாக எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் தண்ணீர்தான் கிடைக்கும். மற்றது முழுதும் காற்று. இரவு முழுக்கப் பெய்து விடியும் நாளில், பெற்றோரும் பிள்ளைகளும் முதல் தடம் பதிக்க வரிசையில் நிற்பது இதற்காகத்தான். ஆனால் அந்த வரிசை நகர்வதற்கு முன் மலையில் நடக்கும் வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. அது சாவில் தொடங்குகிறது.

வெள்ளியும் பனிச்சரிவும்

1860களில் இப்பள்ளத்தாக்கில் வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் சுரங்கங்களும் மதுக்கடைகளும் விடுதிகளுமாக ஆல்டா ஓர் ஊராக எழுந்தது. இங்கிருந்த எம்மா சுரங்கத்தின் பங்குகள் 1871இல் லண்டனில் விற்கப்பட்டன. வெள்ளி சீக்கிரமே வற்றிப்போக, பிரிட்டனுக்கான அமெரிக்கத் தூதர் ராபர்ட் ஷெங்க் அந்த விற்பனையில் கொண்டிருந்த பங்கு பெரும் ஊழலாக வெடித்தது. அவர் 1876இல் பதவி விலக நேர்ந்தது.

லண்டனில் போனது பணம். ஆல்டாவில் போனது உயிர். சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும் விறகுக்கும் வீட்டுக்குமாகச் சரிவுகளில் இருந்த மரங்களை வெட்டித் தீர்த்துவிட்டார்கள். பனியைப் பிடித்து நிறுத்த எதுவும் மிஞ்சவில்லை. குளிர்காலம்தோறும் பனிச்சரிவுகள் இறங்கி, தூங்கிக்கொண்டிருந்தவர்களை வீட்டோடு புதைத்தன. 1885ஆம் ஆண்டு பனிச்சரிவில் மட்டும் 16 பேர் இறந்தனர். இன்று சுற்றுலாப் பயணிகள் விலை கொடுத்து வந்து சறுக்கும் அதே பனிதான் அது.

வெள்ளி விலை சரிந்ததும் ஊர் காலியானது. 1930களில் ஜார்ஜ் வாட்சன் என்பவர் தன்னைத் தானே ‘ஆல்டாவின் மேயர்’ என்று அழைத்துக்கொண்டு அங்கே வாழ்ந்தார். அவர் ஆள்வதற்கு அங்கே குடிமக்கள் என்று சொல்லும்படி யாரும் இல்லை. பயனற்றுக் கிடந்த சுரங்க நிலங்களுக்கு வரி கட்ட முடியாமல், அவற்றின் மேற்பரப்பு உரிமையை அவர் அமெரிக்க வனத்துறைக்கு எழுதிக் கொடுத்தார். இம்மலை பொதுமக்களுக்குத் திறந்த வழி இதுவே. தொலைநோக்குத் திட்டம் என்று இதைச் சொல்வதற்கில்லை. வரிப்பாக்கி என்றே சொல்ல வேண்டும்.

தாதுவண்டிக் கம்பியில் நாற்காலி

நார்வேயில் பிறந்த பனித்தாண்டல் வீரர் ஆல்ஃப் எங்கனை வனத்துறை இடம் பார்க்க அனுப்பியது. ஆல்டா தகுந்த இடம் என்றார் அவர். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையற்ற இளைஞர்களுக்காக அரசு நடத்திய பாதுகாப்புப் படையினர் மொட்டைச் சரிவுகளில் மரம் நட்டனர்.

நாற்காலியில் உட்காரவைத்து மலையேற்றும் கம்பிவட இழுவை அப்போது புதுமையானது. 1936இல் ஐடஹோ மாநிலத்தின் சன் வேலியில் முதன்முதல் வந்தது. கப்பலில் வாழைத்தார்களைக் கொக்கியில் தொங்கவிட்டு ஏற்றும் முறையைப் பார்த்திருந்த ஜேம்ஸ் கர்ரன் என்ற பொறியாளர், தாருக்குப் பதில் ஆளைத் தொங்கவிடலாம் என்று யோசித்ததன் விளைவு அது. ஆல்டாவில் பழைய சுரங்கத் தாதுவண்டிப் பாதையின் உதிரிகளைக் கொண்டே காலின்ஸ் இழுவையை அமைத்து, 1939 ஜனவரியில் ஓட்டினர். ஒருமுறை ஏற 25 சென்ட், நாள் முழுதும் ஏற ஒன்றரை டாலர். 1948இல் டெசரெட் நியூஸ் நாளிதழ், எங்கனின் பொறுப்பில் இலவசச் சறுக்குப் பள்ளி ஒன்றை இங்கே தொடங்கியது. நகரத்துச் சாதாரணக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் காலில் கட்டை மாட்டக் கற்றுக்கொடுத்ததில் இந்த இழுவைக்கும் பள்ளிக்கும் பெரும் பங்குண்டு. இன்று ஒருவருக்கான ஒரு நாள் சீட்டே 100 டாலரைத் தாண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது சின்னச் செலவு அல்ல.

பொடிப்பனியில் சறுக்குவது தனி வித்தை. இறுகிய பனியில் ஒரு காலில் எடை போட்டுத் திரும்பலாம். பொடிப்பனியில் அப்படிச் செய்தால் அந்தக் கால் அமிழ்ந்துவிடும். இரு காலிலும் எடையைச் சமமாக வைத்து, மிதந்து எழுவதுபோல் திரும்ப வேண்டும். எங்கனும், 1940இல் இங்கே வந்த டிக் டியூரன்ஸும் நீண்ட மரக்கட்டைகளோடு இம்முறையை ஆல்டாவில் வளர்த்தனர். விழுந்தால் கழன்ற கட்டையைத் தேடுவதே அரை நாள் வேலை. அதனால் பலர் நீண்ட வண்ண நாடாவைக் கட்டையில் கட்டிக்கொள்கிறார்கள். 1980களின் இறுதியில் அகலமான கட்டைகள் வந்த பிறகுதான் சிறுவர்க்கும் வயதானவர்க்கும் ஆழ்பனி எட்டும் தூரத்துக்கு வந்தது.

பீரங்கி

சறுக்க வந்தவர்களையும் பனிச்சரிவு விட்டுவைக்காது என்பது வனத்துறைக்குத் தெரிந்தே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் மலைப்படைப் பிரிவில் இருந்து திரும்பிய மாண்டி அட்வாட்டர் 1945இல் ஆல்டாவுக்குப் பனிக் காவலராக வந்தார். சரிவு தானாக இறங்கும்வரை காத்திருக்காமல், ஆளில்லாத நேரத்தில் நாமே இறக்கிவிட வேண்டும் என்பது அவர் வழி. முதலில் வெடிமருந்து வைத்தார். கையால் எட்ட முடியாத முகடுகளுக்கு, 1949இல் தேசியக் காவல் படையிடமிருந்து 75 மில்லிமீட்டர் பிரெஞ்சுப் பீரங்கி வந்தது. போருக்குச் செய்த பீரங்கி பனியைச் சுடத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் டாவோஸில் பனியியல் பயின்ற எட் லாஷப்பெல் 1952இல் அவரோடு சேர்ந்து, அனுபவத்தால் செய்துவந்ததை அளவீடாக மாற்றினார். எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு பெய்தது, அதன் அடர்த்தி என்ன, காற்று எந்தத் திசையில் பனியை அள்ளிக் குவித்தது, அடியில் எந்த அடுக்கு பலவீனமாக உள்ளது என்று பனியில் குழி தோண்டிப் பார்த்தனர். அமெரிக்காவில் பனிச்சரிவு ஆய்வு வேரூன்றிய இடம் ஆல்டா என்றால் மிகையல்ல.

இன்றும் ஆபத்து போய்விடவில்லை. ஊருக்கு வரும் ஒரே சாலையை ஐம்பதுக்கும் மேற்பட்ட பனிச்சரிவுத் தடங்கள் குறுக்கே வெட்டுகின்றன. நிலைமை மோசமானால் சாலையை அடைத்து, கட்டடத்தை விட்டு யாரும் வெளியே வரக்கூடாது என்று ஆணையிடுவார்கள். மீறுவது சட்டப்படி குற்றம். 2021 பிப்ரவரியில் இந்த அடைப்பு சுமார் 60 மணி நேரம் நீடித்தது. 2022–23 பருவத்தில் 903 அங்குலம், அதாவது ஏறத்தாழ 23 மீட்டர் பனி கொட்டியது.

தலைமுறை தலைமுறையாக இங்கே வந்த பிள்ளைகளுக்கு விடியலில் கேட்கும் பீரங்கி முழக்கமே நல்ல செய்தி: பனி பெய்திருக்கிறது, காவலர்கள் மேலே போய்விட்டார்கள். அண்மைக் காலத்தில் பீரங்கிகளின் இடத்தை, தொலைவிலிருந்து இயக்கும் வெடிப்புக் கோபுரங்கள் பிடித்து வருகின்றன. முழக்கம் ஓய்ந்த பின்னும் உடனே விடமாட்டார்கள். காவலர்கள் சரிவைச் சுற்றிப் பார்த்து, கட்டிய கயிற்றை அவிழ்க்கும் வரை எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.