ஆறாத சூளை

புறநானூற்றின் 228ஆம் பாட்டில் ஒரு குயவர் வருகிறார். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மறைந்தபின் அவனுக்கு ஈமத்தாழி வனைய முற்படுகிறவர். ஐயூர் முடவனார் அவரைப் பார்த்து இரங்குகிறார். மன்னனின் பெருமை அளவிறந்தது. அதைக் கவிக்கும் தாழி வேண்டுமானால் நிலவுலகே சக்கரமாகவும் பெருமலையே மண்ணாகவும் அமைய வேண்டும். அது உன்னால் ஆகுமா, நீ என்ன பாடுபடுவாய் என்பது பாட்டின் கருத்து. இது மன்னனைப் போற்றும் இரங்கற்பாட்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இன்று வாசிக்கும்போது வேறொன்றும் கண்ணில் படுகிறது. தன் சக்கரத்துக்கு அடங்காத வேலையை ஏற்றுக்கொண்ட ஒரு கைவினைஞருக்காகத் தமிழில் எழுந்த முதல் இரக்கக் குரல்களுள் இதுவும் ஒன்று.

அந்த இரக்கத்தை விருத்தாசலத்திலும் அதை அடுத்த நல்லூர் வட்டாரத்திலும் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். இலக்கிய வாசகர்களுக்கு விருத்தாசலம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது புதுமைப்பித்தனின் இயற்பெயர். அடுத்து இமையம், கண்மணி குணசேகரன் ஆகியோரின் நடுநாட்டு உலகம். தொழில் உலகம் அறிந்த விருத்தாசலமோ பீங்கான் ஊர். 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டுச் சுரங்கம் தோண்டப்பட்டபோது, பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த அடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. கரிக்காகத் தோண்டிய இடத்தில் கிடைத்த அந்த மண், பக்கத்து ஊருக்கு ஒரு தொழிலைத் தந்தது. தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் விருத்தாசலத்தில் அமைந்தன. மின்சாதனங்களுக்கான பீங்கான் உறுப்புகள், கோப்பைகள், கொலுப் பொம்மைகள், அகல் விளக்குகள் என்று சிறு கூடங்கள் பலவும் உற்பத்தியில் இறங்கின.

இத்தொழிலின் செய்முறையை அறிந்தால்தான் நாம் சொல்ல வருவது விளங்கும். பொம்மை செய்வோர் களிமண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, அதன் உட்சுவரில் களிமண் ஓடாகப் படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, ஓடு சற்று இறுகியதும் அச்சைப் பிரிக்கிறார்கள். திரும்பத் திரும்ப ஊற்றினால் அச்சே ஈரத்தில் ஊறிப்போகும். ஊறிய அச்சு உறிஞ்சாது. அதை உலர வைத்த பிறகே அடுத்த பொம்மை. வார்த்தெடுத்த பொம்மையும் மெல்லக் காய வேண்டும். வெயிலுக்கு அவசரமாகக் காட்டினால் ஒருபுறம் சுருங்கி வெடிக்கும். பின்பு சூளை. வெந்து முடிந்த சூளையை உடனே திறப்பதற்கில்லை. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் 573 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் திடீரெனத் தன் பருமன் மாறுகிறது. அந்தக் கட்டத்தைச் சூளை நிதானமாகக் கடந்தாக வேண்டும். பொறுமையின்றித் திறந்தால் குளிர்ந்த காற்று பட்டுப் பாண்டங்கள் கீறல் விடும். மண்ணுக்கு ஓர் ஓய்வு, அச்சுக்கு ஓர் ஓய்வு, நெருப்புக்கும் ஓர் ஓய்வு என்று வேலையின் உள்ளேயே இடைவெளிகள் அமைந்த தொழில் இது. அந்த இடைவெளிகளில்தான் செய்பவரும் இளைப்பாறினார்.

விற்பனைக்கும் இத்தகைய இடைவெளிகள் இருந்தன. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரிவாகக் காட்டுகிறார். பகலிலும் இரவிலும் வாணிகம் நடந்த பெருநகரம் அது. 'இருபத்து நான்கு மணிநேரக் கடை' நம் காலத்துப் புதுமை அன்று என்று இதைச் சுட்டி வாதிடுவோர் உண்டு. ஆனால் பாட்டு அங்கே முடிவதில்லை. இரவின் யாமங்கள் ஒவ்வொன்றாகக் கழிகின்றன. நெடிய கடைகள் அடைக்கப்படுகின்றன. மோதகமும் அப்பமும் விற்கும் கூவியர் தம் பண்டங்களோடு இருந்தபடியே தூங்கி விழுகின்றனர். விழாவில் ஆடிய கூத்தரும் உறங்குகின்றனர். விற்பவரின் களைப்பைப் புலவர் கண்டிருக்கிறார்; அதை நகரத்தின் சிறப்புகளோடு சேர்த்து எழுதவும் செய்திருக்கிறார். அடங்காத அந்த நகரமும் ஒரு யாமத்தில் அடங்கியது.

பிற்காலத்தில் இந்த அடங்குதலை வழக்கங்கள் காத்தன. வாரச் சந்தை ஒரு நாளில் கூடி அன்றே கலைந்தது. தச்சரும் கொல்லரும் கொத்தனாரும் அமாவாசையன்று கருவியைத் தொடாத வழக்கம் பல ஊர்களில் இருந்தது; சில இடங்களில் இன்றும் இருக்கிறது. குயவருக்கு மழைக்காலம் கட்டாய விடுப்பு. வருமானம் நின்றுபோகும் விடுப்பு என்பதால் இதை ஒரு பொற்காலமாக எண்ண வேண்டியதில்லை. பசியோடு கூடிய ஓய்வு அது. ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் வாய்த்த ஓய்வு. அடுத்த வீட்டுச் சக்கரமும் சுற்றவில்லை என்பதால், நின்ற சக்கரத்தைப் பார்த்து யாரும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

வழக்கம் தளர்ந்த இடத்தில் சட்டம் வந்தது. தொழிற்புரட்சிக்குப் பிந்தைய இலண்டனில் துணிக்கடைச் சிப்பந்திகள் நள்ளிரவு வரை நின்றபடி வேலை செய்தனர். கடைகளை நேரத்தோடு அடைக்கக் கோரும் இயக்கம் 1842இல் அங்கே அமைப்பாகத் திரண்டது. கடைச் சிப்பந்திகளுக்கு வாரத்தில் அரைநாள் விடுப்பு சட்டமாக 1911 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்தியாவில் 1942ஆம் ஆண்டின் வார விடுமுறைச் சட்டம், கடை வாரத்தில் ஒருநாள் முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்றது. எந்த நாள் என்பதைக் கடைக்காரரே தீர்மானித்து, கண்ணில் படும்படி அறிவிப்பாக மாட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் அதை மாற்றலாகாது. 1947இல் சென்னை மாகாணக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வேலை நேரத்துக்கும் வரம்பு கட்டியது. 'வெள்ளிக்கிழமை விடுமுறை' என்று நம் ஊர்க் கடைகளில் தொங்கிய தகரப் பலகைகளுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுப் போராட்டம் இருந்தது.

காற்று பின்பு திசை மாறியது. 2019இல் தமிழ்நாடு அரசு, 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் கடைகள் நாள் முழுவதும் எல்லா நாளும் திறந்திருக்கலாம் என அனுமதித்தது. 2022இல் அது நீட்டிக்கப்பட்டது. இடையே 2021இல் அதே 1947ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தருவது கட்டாயமாயிற்று. கேரளம் இதை 2018இலேயே செய்திருந்தது. கடை உறங்கவேண்டாம், ஊழியர் உட்காரலாம் என்பதே இரண்டு ஆணைகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பொருள்.

இவ்வளவு சட்டங்களும் ஊழியரைப் பற்றியவை. தானே முதலாளியும் தானே கூலியுமாக இருப்பவரை அவை எண்ணிப் பார்க்கவில்லை. 2007இல் பிளிப்கார்ட் தோன்றியது. 2013இல் அமேசான் இந்தியாவில் சந்தையைத் திறந்தது. 2015இல் மீஷோ வந்தது. சிற்றூரின் கூடத்திலிருந்து நேரே மும்பை வீட்டுக்குப் பொருள் அனுப்பலாம் என்பது உண்மையிலேயே ஒரு விடுதலைதான். இடைத்தரகர் வைத்ததே விலை என்ற நிலையில் இருந்த கைவினைஞருக்கு அதன் அருமை தெரியும். அந்த விடுதலையோடு வந்த சுமைகளும் உண்டு. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, இணையச் சந்தை வழி பொருள் விற்பவர் விற்றுமுதல் எவ்வளவு சிறிதாயினும் பதிவு செய்தாக வேண்டும் என்றது சட்டம். மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறியவர்களுக்கு அது தளர்ந்தது 2023 அக்டோபரில்தான். அதுவரை பொம்மை செய்தவர் கணக்கரும் ஆனார். படம் எடுப்பவரும், விவரம் எழுதுபவரும், பொதி கட்டுபவரும், புகாருக்குப் பதில் சொல்பவரும் அவரே. உடையும் பொருளை விற்பவருக்கு ஒரு கவலை கூடுதல். வழியில் உடைந்த விளக்குக்கும் மதிப்பெண் குறைவது செய்தவர் பெயரில்தான்.

இந்த மண்ணுக்கு இந்த அனுபவத்தை முன்னறிவித்தது போன்ற தொன்மம் ஒன்று உண்டு. திருமுதுகுன்றம் என்னும் விருத்தாசலத்தில் சுந்தரர் 12,000 பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி இறைவன் சொன்னார். திருவாரூரில் பொன் உடனே வரவில்லை. பரவையார் பார்த்திருக்கப் பாட வேண்டியிருந்தது. வந்த பொன்னை உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடியும் பாட வேண்டியதாயிற்று. 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்ற சொலவடையைக் கேட்டால் இக்கதை நினைவுக்கு வராத நடுநாட்டார் குறைவு. இங்கே பொருளை ஒப்படைத்து, எங்கோ தொலைவில் பணத்துக்குக் காத்திருந்து, தரம் குறைவு என்ற தீர்ப்பையும் கேட்டு, மீண்டும் முறையிடும் இணைய விற்பனையாளர் இக்கதையைப் புதிதாக வாசிப்பார். சுந்தரருக்கு இறைவன் தோழர். இவருக்கு எதிரில் இருப்பது ஒரு படிவம்.

இந்தக் களைப்புக்கு உளவியல் ஒரு பெயர் வைத்தது 1974இல். நியூயார்க்கின் இலவச மருத்துவ நிலையமொன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், தம்மைச் சுற்றியிருந்த ஆர்வமிக்க தொண்டர்களே எரிந்து அணைவதைக் கண்டு எழுதினார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்று கூறுகளாகப் பிரித்தார்: ஆற்றல் வற்றுதல், வேலையின்மீதும் மனிதர்மீதும் கசப்பு, தன்னால் எதுவும் ஆகவில்லை என்னும் உணர்வு. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதை நோயென்று வகுக்காமல், சரிவரக் கையாளப்படாத பணியிட நெருக்கடியின் விளைவு என்று வரையறுத்தது. இந்த வேறுபாடு முக்கியமானது. குறை மனிதரின் மனவலிமையில் இல்லை, வேலை அமைந்த விதத்தில் இருக்கிறது என்பது இதன் உட்பொருள். தமிழும் இதைத் தன் வழியில் அறிந்திருந்தது. 'வருத்தம்' என்ற சொல் இன்று துயரத்தை மட்டும் குறிக்கிறது. பழைய தமிழில் உடல் வருந்தும் உழைப்புக்கும் அதுவே சொல். ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் அதை அப்பொருளில் ஆள்கிறார். உழைப்புக்கும் துயரத்துக்கும் ஒரே சொல்லை வைத்த மொழிக்கு, ஒன்று மற்றொன்றாக மாறும் இடம் தெரிந்தே இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? தியானம் செய்க, அதிகாலையில் எழுக என்னும் அறிவுரைகள் எல்லாம் தனிமனிதரை நோக்கியே பேசுகின்றன. வரலாறு காட்டும் வழி வேறு. ஓய்வு எப்போதும் பொது ஏற்பாடாகவே நிலைத்திருக்கிறது. சந்தை நாளும், அமாவாசையும், தகரப் பலகையும் அப்படிப்பட்டவையே. பல இணையச் சந்தைகளில் விற்பனையை நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது. அதைத் தொட விற்பவர் அஞ்சுகிறார். தான் மூடியிருக்கும்போது அடுத்தவர் திறந்திருப்பார், பட்டியலில் பின்னுக்குப் போய்விடுவோம் என்ற கணக்கே காரணம். ஒரு தொழிற்பேட்டையின் கூடங்கள் கூடிப் பேசி, கார்த்திகை முடிந்ததும் ஒரே வாரத்தில் மூடுவது என்று முடிவு செய்தால் அந்த அச்சத்தின் ஒரு பாதியாவது குறையும். பொதி கட்டுவதையும் புகாருக்குப் பதில் எழுதுவதையும் பல கூடங்களுக்கு ஒருவராக முறைவைத்துச் செய்தால், செய்பவர் மறுபடியும் மண்ணருகே உட்காரலாம்.

தனியே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அது இத்தொழிலின் பழைய அறிவு. நவராத்திரியும் கார்த்திகையும் என்றைக்கு என்பது பஞ்சாங்கத்தில் இருக்கிறது. அதற்குப் பல மாதங்கள் முன்பே வனைந்து வைப்பதே குயவர் வழக்கம். இணையச் சந்தைகளின் பெருந்தள்ளுபடி நாட்களும் அதே பருவத்தில் வந்து விழுவதால் இரண்டு வெள்ளமும் ஒன்றாகப் பாய்கின்றன. வெந்து ஆறிய பொருளை மட்டுமே பட்டியலில் ஏற்றுவது, இனிமேல் செய்யப்போவதை எண்ணிக்கையில் காட்டாதிருப்பது என்ற ஒரே கட்டுப்பாடு, பல இரவுகளின் உறக்கத்தைத் திருப்பித் தரும். விற்பனை சிறிது குறையும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆறாத சூளையைத் திறந்தால் இழப்பது அதைவிடப் பெரிது என்பதை இவ்வூர்க்காரர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதுமில்லை.

ஐயூர் முடவனார் அந்தக் குயவரிடம் இன்னும் வேகமாகச் சக்கரத்தைச் சுற்று என்று சொல்லவில்லை. இந்தத் தாழி உன் அளவுக்கு மீறியது என்றார். விற்பவரைப் பார்த்து அப்படிச் சொல்ல இன்றைய சந்தையில் யாருமில்லை. வாங்குகிறவர்களாகிய நாம் சொல்லலாம். ஓர் அகல் விளக்கு மூன்று நாள் தாமதமாக வந்தால் கார்த்திகை ஒன்றும் இருண்டுவிடாது.