விசை வளர்க்கும் என்பு

என்பு பார்வைக்குக் கல்லை ஒத்தது. ஆயினும் அஃது உயிருள்ள இழையம். தான் சுமக்கும் பாரத்துக்கேற்பத் தன்னையே திருத்தி அமைத்துக்கொள்வது. இவ்வுண்மை படிப்படியாகத் துலங்கிய வரலாறு மருத்துவரையும் பொறியியலாளரையும் ஓரிடத்திற் கூட்டிய வரலாறாகும்.

பேருடல் கொண்ட விலங்கின் என்பு, அதன் நீளத்துக்கு ஒத்த அளவினும் மிகுதியாகப் பருத்திருத்தல் வேண்டும் என்பதை 1638ஆம் ஆண்டில் வெளிவந்த நூலிலே கலிலியோ எடுத்துக்காட்டினார். பாரத்துக்கும் என்பின் வடிவுக்கும் உள்ள உறவு அன்றே கணக்கில் எழுதப்பட்டது.

1866ஆம் ஆண்டில், சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே, உடற்கூற்றறிஞர் எர்மன் பொன் மயர் பிளந்த தொடையென்பின் உட்புறத்தை அறிஞர் அவையிற் காட்டினார். வலைபோற் பின்னிய மெல்லிய தகடுகள் அதனுள்ளே ஒழுங்காக வளைந்து சென்றன. அவற்றைக் கண்ணுற்ற பொறியியற் பேராசிரியர் கார்ல் குல்மன் வியப்புற்றார். பாரந்தூக்கி ஒன்றின் அழுத்தமும் இழுவையும் செல்லும் வழிகளென அவர் வரைந்த கோடுகளை அத்தகடுகள் ஒத்திருந்தன.

இதனை மேலும் ஆராய்ந்த பேர்லின் அறுவை மருத்துவர் யூலியசு வுல்வ், பாரம் மாறினால் என்பின் உள்ளமைப்பும், அதனைத் தொடர்ந்து புறவடிவும் மாறும் என்னும் விதியை 1892இல் நூலாக வெளியிட்டார். கோணிப் பொருந்திய முறிவுகள் அவருக்குச் சான்றாயின. அவர் கொண்ட கணிதத்திற் பிழையுண்டெனப் பின்வந்தோர் காட்டினர். எனினும் கருத்து நிலைத்தது.

ஆனால், விதியை நிறைவேற்றும் வேலையாள் யார்? 1960களில் மொஸ்கோவில் அலெக்சாந்தர் பிரீடன்ஸ்ரைன், என்பு மச்சையிலுள்ள சில கலங்கள் வேறிடத்தில் வைக்கப்பட்டாலும் என்பை ஆக்குவதைக் கண்டார். இத்தகைய குருத்துக்கலங்களே கொழுப்புக் கலங்களாகவும் மாறவல்லன. எவ்வழி செல்வது என்பதைத் தீர்மானிப்பதில் இரசாயனப் பொருள்களுக்கு மட்டுமன்றி, விசைக்கும் பங்குண்டு.

2004இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இக்கலங்களைச் சிறிதும் பெரிதுமான ஒட்டுத்தளங்களில் வளர்த்தனர். இடமின்றி உருண்டு நின்றவை கொழுப்பாகவும், பரந்து விரிந்தவை என்பாகவும் மாறத் தலைப்பட்டன. 2006இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தினர், சுண்ணமேறாத இளம் என்பையொத்த விறைப்பான தளத்திற் குருத்துக்கலங்கள் என்பின் இயல்பைப் பெறுவதையும், மூளையையொத்த மென்றளத்தில் நரம்பின் இயல்பைப் பெறுவதையும் காட்டினர். கலம் தன் உள்நார்களாற் தளத்தைப் பற்றி இழுக்கின்றது. தளம் காட்டும் எதிர்ப்பே அதற்குச் செய்தியாகின்றது.

விசை நீங்கின் விளைவும் தெளிவு. விண்வெளியில் நிறையற்று மிதப்போரின் இடுப்பு என்பு, தக்க பயிற்சியின்றேல், திங்கள்தோறும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு தேய்கின்றது. நெடுநாட் படுக்கையிற் கிடப்போரின் என்பும் மெலிகின்றது. இடுப்பு முறிவுக்கு அறுவை செய்யப்பட்ட முதியவரை, இயன்றவரை மறுநாளே எழுந்து நிற்குமாறு மருத்துவர் தூண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் தளர்ந்து வைக்கும் அடி ஒவ்வொன்றும் என்பினுள்ளே உறையும் கலங்களுக்கு ஒரு செய்தியாகும்.