கடல் கடந்த சேலத்துப் பெண்கள்: எழுதப்பட வேண்டிய நாவல்

தாது வருசப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்த 1876-78 பெரும்பஞ்சம், நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தைச் சூறையாடியது. 1871க்கும் 1881க்கும் இடையில் மாவட்ட மக்கள்தொகை லட்சக்கணக்கில் குறைந்தது. செத்தவர் போக மிஞ்சியவர்களில் பலர் பிழைப்புத் தேடி ஊரைவிட்டார்கள். கங்காணியின் பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தவர்கள் உண்டு. சென்னையில் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புக் காடுகளுக்குப் போனவர்களும் உண்டு.

நேட்டாலுக்கு முதல் கப்பலான 'துரூரோ' 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை சென்ற ஒப்பந்தக் கூலிகள் 1,52,000 பேருக்கு மேல். தோட்ட முதலாளிகளுக்கு வேண்டியது ஆண்களின் உழைப்பு மட்டுமே. ஆனால் பெண்களையும் அனுப்பியாக வேண்டும் என்றது சட்டம். நாளடைவில் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்பது விதியானது. அந்தக் கணக்கை நிரப்ப ஆள்பிடிக்கும் தரகர்கள் விதவைகளையும் கைவிடப்பட்டவர்களையும் தேடினார்கள். கப்பலுக்குக் காத்திருந்த டிப்போவிலேயே முன்பின் அறியாதவர்கள் கணவன் மனைவியாகப் பதிவானதும் நடந்தது.

அப்படிப் போன ஒரு பெண்ணுக்குக் கப்பல் பதிவேட்டில் ஒரு வரி: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உயரம், உடம்பிலுள்ள தழும்பு. ஏன் போனாள், யாரை விட்டுப் போனாள் என்பதற்கு அங்கே கட்டம் இல்லை. நாவலாசிரியரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

பெண்களைக் கடல் கடந்து அனுப்பிய வேறொரு கதையோடு இதை ஒப்பிடலாம். 1663 முதல் 1673 வரை பிரான்சு மன்னர் ஏறத்தாழ 800 பெண்களைக் கனடாவில் குடியேறிய ஆண்களுக்கு மனைவியராக அனுப்பினார். பலருக்கு அரசே சீதனம் தந்தது. நம் பெண்களுக்குக் கிடைத்தது ஆண் கூலியில் பாதி. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் செய்யாமல் இருந்தவர்கள் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்றது 1895 சட்டம். 1903இல் நீட்டிக்கப்பட்டபோது அது 13 வயதுப் பெண்ணையும் விடவில்லை. 1913இல் தென்னாப்பிரிக்க நீதிபதி சியர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தார். தாலி கட்டிய மனைவியர் சட்டத்தின் முன் மனைவியராக இல்லாமல் போனார்கள். பெண்கள் போராடிச் சிறை சென்றார்கள். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் நீத்தார். அவ்வாண்டே வரி ஒழிந்தது, திருமணங்களும் ஏற்கப்பட்டன.

பாரதி பிஜித் தீவுப் பெண்களுக்காகப் பாடினார். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கையையும், அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' மலேயாவையும் காட்டின. நம் மண்ணின் கு. சின்னப்ப பாரதி 'சர்க்கரை' எழுதினார். ஓமலூரிலோ இராசிபுரத்திலோ புறப்பட்டு நேட்டாலில் கரும்பு வெட்டிய பெண்ணை நடுவில் நிறுத்தும் பெருநாவல் வரவேண்டும். அவளை வெறும் அழுகைப் பதுமையாக ஆக்கிவிடக் கூடாது. சாவுக்கும் கடலுக்கும் நடுவே கடலைத் தேர்ந்தெடுத்தவள் அவள்.

டர்பனிலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கப்பல் பதிவுகள் உள்ளன. இளம் எழுத்தாளர்கள் அவற்றைப் படிக்க வேண்டும். கடல் கடந்து போன ஒரு பெண்ணின் பேச்சு உங்கள் குடும்பத்தில் இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.