பெயர் மாறி வளர்ந்த செடி

மேலையிந்தியத் தீவுகளின் பூர்வகுடிகள் மரவள்ளிக் கிழங்குக்கு வழங்கிவந்த பெயர், மரவள்ளியோடு யாதொரு சம்பந்தமுமில்லாததும் வாள்போன்ற இலைகளை நாற்புறமும் நீட்டி நிற்பதுமான வேறொரு செடியின்மேல் போய் ஒட்டிக்கொண்ட விநோதத்துக்கு, லண்டனில் ஹோல்பர்ன் பகுதியில் தோட்டம் வைத்திருந்த ஜான் ஜெரார்டு என்பவரே பெரிதும் காரணம். எக்ஸிடர் நகரத்து மருந்து வணிகர் ஒருவரின் பணியாள் வாயிலாகத் தமக்குக் கிடைத்த கன்றை அவர் மரவள்ளியென்றே நம்பி, 1597இல் வெளியிட்ட தம் மூலிகை நூலில் அவ்விதமே எழுதியும் வைத்தார். 1753இல் தாவரங்களுக்கெல்லாம் நாமகரணம் செய்யப் புகுந்த லின்னேயஸ், மரவள்ளியை வேறோர் இனத்தில் சேர்த்துவிட்டாரே தவிர, யூக்கா என்ற பெயரை இச்செடியிடமிருந்து பறிக்கவில்லை.

இங்கிலாந்தில் அதன் பூவை முதன்முதலாகக் காணும் பாக்கியம் ஜெரார்டுக்கு வாய்க்கவில்லை. 1604இல், எசெக்ஸ் பிரதேசத்து ஸ்டப்பர்ஸ் மாளிகைத் தோட்டத்தில், வில்லியம் காய்ஸ் என்ற கனவானுக்கே வாய்த்தது. ஆயினும் ஐரோப்பாவில் பூத்த யூக்காக்கள் பெரும்பாலும் காய்க்கவில்லை. வெண்மணிகளைக் கோத்துத் தொங்கவிட்டாற்போன்ற பூங்கொத்து, ஒரு பயனுமின்றி உதிர்ந்துபோகும். அதன் இரகசியம் 1872இல்தான் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வெளிப்பட்டது. தாவர அறிஞர் ஜார்ஜ் எங்கல்மன் தூண்டிவிட, பூச்சியியல் அறிஞரான சார்லஸ் ரைலி கண்டு சொன்னது இது: சிறியதொரு வெள்ளை அந்துப்பூச்சி மகரந்தத்தை உருண்டையாகத் திரட்டிச் சென்று, மற்றொரு பூவின் சூலகத்தில் முட்டையிட்டபின், அவ்வுருண்டையைச் சூல்முடியில் தன் வாயுறுப்பாலேயே திணிக்கிறது, பிறக்கும் புழுக்கள் விதைகளிற் சிலவற்றைத் தின்று மிச்சத்தைச் செடிக்கு விட்டுவிடுகின்றன. கடல் கடந்து செடி வந்தது, பூச்சி வரவில்லை. பின்னாளில் நேப்பிள்ஸில் குடியேறிய கார்ல் ஷ்ப்ரெங்கர் என்ற ஜெர்மானியர், அப்பூச்சியின் வேலையைத் தம் கையாலேயே செய்து பல கலப்பினங்களை உண்டாக்கினார்.

இலையின் ஓரத்திலோ நடுவிலோ மஞ்சளும் வெண்மையும் ஓடும் வரிவண்ண யூக்காவோ, பூச்சி இருந்தும் பயன்பெறாத செடி. பச்சையமுள்ள திசுவும் அஃதில்லாத திசுவும் ஓருடலில் அடுக்கடுக்காய் வாழ்வதன் விளைவாகிய அந்த அழகு விதைவழியே இறங்குவதில்லை. அடியில் முளைக்கும் பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டால்தான் சந்ததி உண்டு. 1871இல் வில்லியம் ராபின்சன் வெப்பமண்டலச் சாயலுள்ள தோட்டங்களைப் பற்றி நூலெழுதிய காலத்தில், யூக்கா மாளிகை மேடைகளின் அலங்காரமாயிற்று. இலையழகுக்காகவே செடி வளர்க்கும் அபிமானம் மிகுந்த அந்நாளில், வரிவண்ண வகைகளும் தொட்டியேறின. இது தொட்டிக்கென்றே பிறந்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கடலோர மணற்குன்றுகளிற் பிறந்த குலமாகையால் தாகம் பொறுக்கும். நீர் தேங்கினால்தான் வேர் அழுகும். தொட்டியின் அடியில் துவாரமும், மண்ணிற் பாதிக்கு மணலும், தாராளமான வெயிலும் இருந்தால் அதற்கு வேறு உபசாரம் வேண்டியதில்லை. ஆதாமின் ஊசி என்று ஆங்கிலேயர் சில வகைகளை அழைப்பது வீணன்று என்பதை, நடைபாதையோரத்தில் தொட்டியை வைத்தவர்கள் விரைவில் உணர்வார்கள்.

எப்போதாவது அடியிலிருந்து வரியே இல்லாத முழுப்பச்சைக் கன்றொன்று கிளம்பும். இலை முழுதும் பச்சையமாகையால் அது அழகியைவிட வேகமாக வளர்ந்து அவளை மூடிவிடக்கூடும். தோட்டக்காரர் கத்தியோடு குனிந்து, ஆரோக்கியமான அதனை வேரோடு களைந்துவிட்டு, வெளிறிய இலைக்காரியை மறுபடி வெயிலுக்குத் திருப்பி வைப்பார்.