ஒரு விண்மீனின் மரண வாக்குமூலம்

கண்ணுக்குப் புலப்படாத ஒன்று இருக்கிறது என்று மெய்ப்பிப்பது எப்படி? வானநூல் அறிஞர்களை நெடுங்காலம் வருத்திய வினா இது. பெரிய விண்மீன் மண்டலங்களின் நடுவே லட்சக்கணக்கான, சிலவற்றில் கோடிக்கணக்கான சூரியன்களின் எடையைக் கொண்ட கருந்துளை உறைகிறது. அருகே வாயு மிகுந்திருந்தால், உள்ளே வீழும் அவ்வாயுவின் ஒளி அதனைக் காட்டிக்கொடுக்கும். வாயு அற்ற அமைதியான மண்டலத்திலோ அது மறைந்தே கிடக்கும்.

இதற்குக் கணிதம் ஒரு வழி காட்டியது. 1975-ல் ஜாக் ஹில்ஸும், 1988-ல் இங்கிலாந்தின் மார்ட்டின் ரீஸும் எழுதிய கட்டுரைகள் குறிப்பிடத்தக்கவை. கருந்துளையை மிக நெருங்கும் விண்மீனின் அண்மைப் பக்கம், சேய்மைப் பக்கத்தைவிட வலுவாக இழுக்கப்படுகிறது. நம் கடலில் ஓதம் எழுவதும் இத்தகைய வேற்றுமையாலேயே. ஆங்கோ அது விண்மீனையே கிழித்துவிடுகிறது. ஏறக்குறையப் பாதி வெளியே சிதறும். எஞ்சியது கருந்துளையைச் சுற்றி, லட்சக்கணக்கான டிகிரி சூடேறி, எக்ஸ்-கதிர்களை வீசி, பின்னர் மெல்ல மங்கும்.

ஆயினும் ஒரு மண்டலத்தில் இது நிகழ்வது சுமார் 10,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். பல மண்டலங்களை ஒருங்கே நோக்கினாலன்றிக் காண இயலாது. எக்ஸ்-கதிர்களைப் பூமியின் காற்றுமண்டலம் தடுத்துவிடுவதால், விண்ணிலிருந்தே நோக்கவும் வேண்டும். 1990 ஜூன் மாதம் ஏவப்பட்ட ஜெர்மனியின் ரோசாட் துணைக்கோள் வானம் முழுவதையும் அளந்தது. அப்போது தென்படாத ஓர் ஒளி, 1992-ல் 70 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு மண்டலத்தின் நடுவே சுடர்விடக் கண்டனர்.

அது விண்மீனின் மரணந்தானா? ஒருமுறை கண்டது சான்றாகாது. இடையறாது வாயுவை உண்ணும் கருந்துளையாயின் ஒளி நீடிக்கும். மாண்டது ஒற்றை விண்மீனாயின் மங்கவேண்டும். விடை காணப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2001-ல் அமெரிக்காவின் சந்திரா தொலைநோக்கி அவ்விடத்தை நோக்கியபோது, ஒளி சுமார் 200 மடங்கு குறைந்திருந்தது. ஸ்டெஃபானி கொமோசா தலைமையிலான குழுவினர் 2004 பிப்ரவரியில் இம்முடிவை வெளியிட்டனர்.

நேயர்களே, அத்தொலைநோக்கியின் பெயர் நமக்கு அந்நியமானதன்று. ரயில்வே கணக்கு இலாகாவில் தந்தை பணியாற்றிய காலத்தில், 1910-ல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, சிகாகோவில் வாழ்ந்து, 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரே அது. 1995-ல் மறைந்த அவர், 1999-ல் அக்கருவி விண்ணேறியதைக் காணவில்லை.

நம் நாட்டின் பங்கும் பின்னர் சேர்ந்தது. 2019-ல் கண்டறியப்பட்ட இத்தகைய மற்றொரு சிதைவின் எச்சத்திலிருந்து, ஏறத்தாழ 48 மணிக்கு ஒருமுறை எக்ஸ்-கதிர் வெடித்தெழுவதை 2024-ல் அறிஞர்கள் அறிவித்தனர். அந்த ஆராய்ச்சியில் சந்திராவுடன், 2015-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட்டும் துணைபுரிந்தது.

மாளும் விண்மீன் ஒருமுறையே சாட்சி சொல்கிறது. அதனை அன்றே குறித்து வைத்தவர்களும், ஆண்டுகள் கழிந்தபின் மறவாமல் திரும்பி நோக்கியவர்களும் சேர்ந்தே அச்சாட்சியத்தை உண்மையென நிலைநாட்டினர்.